எண்பதைத் தொண்ணூற்றெட்டு ஆக்கியவர்

1.
இது ஒரு விளக்கக் கடிதமாக இருந்திருக்க வேண்டியது. மேலாளர் நேற்று எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்து, இன்று பகல் மூன்று மணிக்குள் நடந்ததை எழுதித் தரச் சொன்னார். கடிதம் எழுத உட்கார்ந்தேன், கதை வந்துவிட்டது. கதையில் பொய் சொன்னால் யாரும் விசாரணை வைக்க மாட்டார்கள் அல்லவா? மணி பதினொன்றரை.

2.
முதல் தொடக்கம்: 'ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், இரண்டு பேர் ஆறு திரைகளை—'

வேண்டாம். அந்த இரண்டு பேரில் ஒருவன் நான் என்பதை இந்த வாக்கியம் நைசாக மறைக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியின் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு வரம்பு வைத்திருக்கிறோம். டிஸ்க் எண்பது சதவீதம் நிறைந்தால் எங்கள் திரை சிவந்து பீப் அடிக்கும். வரம்பைத் தாழ்த்தி வைத்தால் நாள் முழுக்கக் கத்தும். புலி வருது கதையாகி ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். உயர்த்தி வைத்தால், அது கத்தும்போது காரியம் கைமீறிப் போயிருக்கும்.

(மனித மனத்துக்கும் இப்படி ஒரு வரம்பு உண்டு என்று இங்கே நாலு வரி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். பயந்தவன் பேசும் தத்துவத்தை நம்பாதீர்கள்.)

3.
எங்கள் அறையில் ஒரு பழக்கம். யாராவது வரம்பைத் தற்காலிகமாக உயர்த்தினால், மஞ்சள் சீட்டில் பழைய எண்ணை எழுதித் திரை ஓரத்தில் ஒட்ட வேண்டும். எண்ணைத் திருப்பி வைத்த பிறகுதான் சீட்டைக் கிழிக்கலாம். இதைக் கொண்டுவந்தவர் அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை. ஒன்பது வருஷமாகப் பக்கத்து நாற்காலி. இன்னொரு பழக்கம் தானாக வந்தது: காலையில் முதலில் வருபவரின் லாகினிலேயே இருவரும் நாள் முழுக்க வேலை செய்வோம். தினமும் முதலில் வருபவர் அக்காதான்.

செவ்வாய்க்கிழமை, ரத்தப் பரிசோதனை முடிவுகளும் ஸ்கேன் படங்களும் சேரும் சர்வர் எண்பத்தொன்றைத் தொட்டது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு பீப். அக்கா சாப்பிடப் போயிருந்தார். கதாநாயகனின் மகளுக்குப் பள்ளியில் காய்ச்சல் என்று மனைவி போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். பீப்பில் பாதி கேட்கவில்லை. அவன் எண்பதைத் தொண்ணூற்றெட்டு ஆக்கினான். ஐந்து நிமிடத்துக்கு எதற்குச் சீட்டு என்று—

இந்த 'அவன்' மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆக்கினேன். போனை வைத்ததும் பள்ளிக்கு ஓடினேன். அதோடு மறந்தேன்.

அன்று மாலை யாரோ பழைய ஸ்கேன் படங்களை அந்தச் சர்வரில் ஏற்றத் தொடங்கியிருக்கிறார்கள். புதன் காலை தொண்ணூற்றெட்டில் பீப் அடித்தது; நூறைத் தொட ஆறே நிமிடம். இரண்டரை மணி நேரம் எந்த வார்டுக்கும் முடிவு போகவில்லை. யாரும் சாகவில்லை. ஆபரேஷன் மேஜை வரை போன ஒரு பெண்ணை, ரத்த முடிவு வராததால் திருப்பி அனுப்பினார்கள். அவர் கணவர் எங்கள் கதவுக்கே வந்து கத்தினார்.

வரம்பை மாற்றியவர் என்று பதிவில் இருந்தது அக்காவின் லாகின். நேரம், பகல் ஒன்று பத்து.

4.
எனக்கு ஏற்கெனவே ஓர் எச்சரிக்கைக் கடிதம் உண்டு. இரண்டாவது வந்தால் வேலை இல்லை. அக்காவுக்கு இது முதல் தவறு, மன்னித்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இன்று காலை அவர் கேட்டார்.

"ஒன்னு பத்துக்கு நான் சாப்பிடப் போயிட்டேனா, இங்கதான் இருந்தேனா? உனக்கு ஞாபகம் இருக்கா தம்பி?"

"சரியா தெரியலையேக்கா."

(இதைக் கதைக்காக எழுதவில்லை. சொன்னேன்.)

"அப்போ நான்தான் மாத்தியிருப்பேன். சீட்டுகூட ஒட்டாம விட்டிருக்கேன் பாரு! போன வாரம் அடுப்பை அணைக்காமலே வந்துட்டேன்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "டாக்டர்கிட்ட காட்டணும்போல. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

என் கணக்கில் இது இல்லை.

5.
முடிவு ஒன்று: எலி ஒயரைக் கடித்தது. எலி லாகின் போடுமா? அடித்தாயிற்று.

முடிவு இரண்டு: அக்கா ஒப்புக்கொள்கிறார், மன்னிக்கிறார்கள், யாருக்கும் வேலை போகவில்லை. கதையாக இது ஓடும். ஆனால் அதற்குப் பிறகு தினமும் அக்கா பாதித் தெருவிலிருந்து திரும்பிப் போய் அடுப்பைத் தொட்டுப் பார்ப்பார். அதை எந்தப் பத்தியில் வைப்பது?

முடிவு மூன்று: 'கதாநாயகன் எழுந்து நின்று, தெளிவான குரலில்—'

எழுந்திருக்கவில்லை.

6.
மணி இரண்டு நாற்பது. பக்கத்தில் அக்கா தன் தாளை நிரப்பிக்கொண்டிருக்கிறார், செய்யாத தவறை ஒழுங்கான கையெழுத்தில்.

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிட்டு எழுதியவன் நழுவிவிடுவான். நானும் கொடுக்கத்தான் போகிறேன், ஆனால் உங்களிடம் இல்லை. இதுவரை எழுதிய நாலு பக்கத்தையும் அக்காவின் தாள் மேல் வைத்தேன்.

"என்னப்பா இது, கதையா? மூணு மணி ஆகப்போகுது."

"படிங்கக்கா. அப்புறம் கையெழுத்துப் போடுங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நான் இந்த ஐந்தாம் பக்கத்தை எழுதிக்கொண்டே அவர் கண்களைப் பார்க்கிறேன். ஓரிடத்தில் சிரித்தார். பக்கத்தைத் திருப்புகிறார். 'ஆக்கினேன்' என்று எழுதிய மூன்றாம் பகுதிக்கு இன்னும் நாலு வரி இருக்கிறது.