இடப்பக்கம் மட்டும் பார்த்த போர்மேன்

2006 தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது, ஆமத்தூர்ப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் போர்மேன் அய்யாதுரைக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. சும்மா பிடிக்கவில்லை. இடப்பக்கமாகத் திரும்பிய வாக்கில் அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்றுதான் தலை சீவினார். பஸ்ஸில், தன்னையே பார்க்கிறார் என்று ஒரு அம்மா சண்டைக்கே வந்துவிட்டாள்.

கம்பெனியில் திட்டுவதுதான் அவருக்குப் பாதி வேலை. போர்மேனுக்கு இடப்பக்கம் நின்றால்தான் திட்டு விழுகிறது என்பதைப் பேக்கிங் ஆட்கள் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். எல்லோரும் வலப்பக்கம் நகர்ந்தார்கள். அவர் உடம்போடு சுற்றினால், அவர்களும் கூடவே சுற்றினார்கள். அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த வாட்ச்மேன் மாரிசாமிக்கு இந்த சூட்சுமம் தெரியாததால், மொத்தக் கம்பெனியின் திட்டையும் அவர் ஒருத்தரே வாங்கினார்.

மதியம் விருதுநகர் வியாபாரி அப்துல் ஹலீம் போன் செய்து, நாலு மணிக்கு லாரியோடு வருவதாகச் சொன்னார். அய்யாதுரையின் கழுத்து இன்னும் கொஞ்சம் இறுகியது.

பெட்டி அடுக்கும் சோலையம்மாளுக்கு மனசு கேட்கவில்லை.

"எம்புட்டு நேரம் இப்பிடி இருப்பீக அண்ணாச்சி? வேப்பமரத்தடிக்கு வாங்க, பிடிச்சு விடுதேன்."

"நெட்டி முறிக்கேன்னு ஆளையே முறிச்சுப்புடாத!"

"கழுத்தைத் திருகவே மாட்டேன். திருகுனா இன்னும் மோசமாப் போயிரும். கோளாறு தோள்லதான் இருக்கு."

இட்லிப் பொடிக்குக் கொண்டுவந்த நல்லெண்ணெய் டப்பாவில் மிச்சமிருந்தது. பெருங்காய வாசத்தோடு அதை உள்ளங்கையில் ஊற்றிச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டு, அவர் தோளை அகலமாக நீவினாள். பிறகு மாவு பிசைவதுபோல் சதையைப் பிடித்துப் பிடித்து விட்டாள். தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தினாள்.

"மூச்சை விடுங்க. தோளை எதுக்குக் காதுகிட்டத் தூக்கி வச்சிருக்கீக? இறக்குங்க, யாரும் தூக்கிட்டுப் போயிர மாட்டாக."

ஆடி மாசத்திலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு மொத்தமும் வெளியே போன மாதிரி இருந்தது அய்யாதுரைக்கு. அவள் விரல் நுனிகள் தலையில் வட்டம் போட ஆரம்பித்ததும் கண் சொருகியது. தொண்டையிலிருந்து ஆட்டுக்குட்டிச் சத்தம் ஒன்று வந்தது.

இதுதான் நேரமென்று பேக்கிங் வேலை பார்க்கும் செல்வலட்சுமி கிட்டப் போனாள். "அண்ணாச்சி, நாளைக்கு லீவு வேணும்."

"எடுத்துக்கோ தாயி."

அடுத்த நிமிஷம் அங்கே வரிசை நின்றது. ஆறு பேருக்கு லீவு கொடுத்துவிட்டுத் தூங்கிப்போனார்.

முழித்தபோது கழுத்து வலப்பக்கம் கொஞ்சம் திரும்பியது. அங்கே மொத்தக் கம்பெனியும் ரயில்பெட்டி மாதிரி உட்கார்ந்து, ஒருத்தர் தோளை ஒருத்தர் அமுக்கிக்கொண்டிருந்தது. "நகம் படக் கூடாது. முதுகெலும்பு மேல அமுக்காத. நோகுதான்னு கேட்டுக்கோ" என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாள் சோலையம்மாள். அய்யாதுரை திட்டுவதற்காக வாயைத் திறந்தார். கொட்டாவிதான் வந்தது.

சொன்னபடி நாலு மணிக்கு லாரியோடு வந்து இறங்கினார் அப்துல் ஹலீம். செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியபடி, "என்ன அய்யாதுரை, லோடு எங்க?" என்று கத்தினார்.

அய்யாதுரை அந்தத் தோளையே பரிதாபமாகப் பார்த்தார். "பாய், முதல்ல இங்கன உக்காருங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா, நான் நல்லாத்தான் இருக்கேன்."

சோலையம்மாள் தூர நின்று வழி சொல்ல, அய்யாதுரையே அவர் சட்டைக்கு மேலாகப் பிடித்துவிட்டார். பாய் அஞ்சு நிமிஷம் தாக்குப்பிடித்தார். அப்புறம் குறட்டை.

உடம்பு லேசாகிவிட்டதாலோ என்னவோ, ஆட்கள் ஒரு சத்தமுமில்லாமல் மளமளவென்று லோடு ஏற்றிவிட்டார்கள். பாய் முன்னாடியே கிளம்பிவிட்டார் என்று நினைத்து டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பாய் எழுந்தபோது அஞ்சே முக்கால். "லாரி எங்கப்பா?"

"விருதுநகர் போய்ச் சேர்ந்திருக்கும் பாய்." அய்யாதுரை பயந்தபடி சொன்னார். "ஆறு மணிக்கு பஸ் இருக்கு."

அப்துல் ஹலீம் கழுத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். செல்போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார்.

"ஆறரைக்கும் ஒரு பஸ் இருக்குல்ல? இந்தப் பக்கத்தையும் கொஞ்சம் அமுக்கி விடு."