பதினேழு நிமிடப் படமும் பார்த்தவர்கள் எழுதியதும்

படத்தை இணையத்தில் ஏற்றிய நான்காம் நாள், ‘கொலைகாரனின் மீசை ஒட்டுமீசை என்று பார்த்தாலே தெரிகிறது’ என்று ஒருவர் கருத்து எழுதினார். மறுநாள் காலை ஏழேகாலுக்கு, கொலைகாரனாக நடித்த கண்ணாடிக்காரரின் மீசை, இருபத்திரண்டு வருடம் அவர் உதட்டின் மேலேயே முளைத்து வளர்ந்த சொந்த மீசை, டீ டம்ளரின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு தனியாக வந்துவிட்டது. வலி இல்லை. படத்திலும் அன்று முதல் அவர் மீசையில்லாமல் இருந்தார், முதல் காட்சியிலிருந்து கடைசிவரை. அவர் மனைவி மீசையைக் காகிதத்தில் மடித்து அலமாரியில் வைத்தார். கண்ணாடிக்காரர் முகம் கழுவிக்கொண்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய் வழக்கம்போல லென்ஸ் தேய்த்தார். முதலாளி மட்டும், “ஏதாவது வேண்டுதலா?” என்று கேட்டார்.

படத்தை எடுத்தவள் கண்ணாடிக்காரர் மனைவியின் தங்கை. பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். யாருடைய வாய்க்கோ எடுத்த அச்சில் மெழுகை ஊற்றி, கடைவாய்ப்பல்லின் மேடுபள்ளம்வரை செதுக்குவது அவள் தொழில். எட்டு ஞாயிற்றுக்கிழமைகளில், இரவல் கேமராவில், வீட்டு மனிதர்களை வைத்தே எடுத்து முடித்தாள். கதை இவ்வளவுதான்: ஓர் அச்சகத்துக்கு இரண்டு கூட்டாளிகள், ஒருவன் மற்றவனை இரும்புக் கட்டையால் அடித்துக் கொல்கிறான், கையைக் கழுவுகிறான், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காருகிறான். அதோடு படம் முடிந்துவிடும். கொலைகாரனாகக் கண்ணாடிக்காரர் நடித்தார். அவரைக் கண்டு கொசுகூடப் பயந்ததில்லை, அதனால்தான் அவரைப் போட்டேன் என்று தங்கை சொல்லிக்கொண்டாள். செத்தவர் கீழ்வீட்டு எடைமேடைக்காரர், பகலெல்லாம் லாரிகளை எடை போடுபவர். செத்தவரின் மனைவியாக அக்காவே நடித்தாள்.

அடுத்து எடைமேடைக்காரரின் முறை வந்தது. ‘ஆறாவது நிமிடத்தில் பிணம் மூச்சு விடுகிறது, கவனிக்கவும்’ என்று ஒருவர் எழுத, எடைமேடைக்காரருக்கு மூச்சு நின்றுபோனது. மற்றபடி சௌக்கியமாக இருந்தார். நடந்தார், பேசினார், லாரிகளை எடை போட்டார். மருத்துவர் நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, “வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்கா?” என்றார். “டீயை ஊதிக் குடிக்க முடியல, டாக்டர்.” ஆறவைத்துக் குடிக்கும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்தார். குறட்டை இல்லாமல் வீடு வீடாகவே இல்லை என்று அவர் மனைவிதான் மூன்று வாரம் எல்லோரிடமும் புலம்பினார். பிறகு வேறொருவர், ‘பிணம் பொம்மை மாதிரி கிடக்கிறது, உயிரே இல்லை’ என்று குறைப்பட்டுக்கொள்ள, மூச்சு திரும்பி வந்தது. ‘மனைவி அழுவது செயற்கை’ என்று வந்த அன்று, வேலை பார்க்கும் தபால் நிலையத்தில் கவுன்ட்டரில் உட்கார்ந்து பதிவுத் தபால் வாங்கிக்கொண்டிருந்த அக்காவின் இரண்டு கண்ணிலும் நீர் பெருகி, பதினொரு உறைகளில் முகவரி கலைந்தது.

தங்கைக்கு இருப்புக்கொள்ளவில்லை. விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தேடிப் போவதுபோல அவள் விரல் கைபேசிக்குப் போய்க்கொண்டே இருந்தது. மெழுகு கொதிக்கும்போது பார்த்தாள், சாலையைக் கடக்கும்போது பார்த்தாள், குளியலறைக் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு அதில் கைபேசியை வைத்துவிட்டுக் குளித்தாள். அந்த மாதம் அவள் செய்த மூன்று பல்செட்டுகள் யார் வாய்க்கும் பொருந்தாமல் திரும்பி வந்தன. குடும்பத்தார் எல்லோரும் உட்கார்ந்து ‘அருமை’, ‘நடிப்பு பிரமாதம்’, ‘இப்படியே இருக்கட்டும், எதையும் மாற்ற வேண்டாம்’ என்று முப்பத்தோரு கருத்துகள் எழுதிப் பார்த்தார்கள். சொந்தக்காரர்களின் பாராட்டை உலகம் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படியே படமும் எடுத்துக்கொண்டது. கடைசியில் அவள் படத்தையே நீக்கினாள். அதற்குள் முகம் தெரியாத யாரோ அதை இறக்கி வேறோர் இடத்தில் ஏற்றியிருந்தார். அங்கே கூட்டம் இன்னும் அதிகம்.

அங்கேதான் ‘மூன்றாவது மாடி’ என்ற பெயரில் ஒருவர் எழுதினார்: ‘இவன் சாப்பிட உட்காருகிறான். இவனை யாரும் உள்ளே போடவில்லை. போட வேண்டும்.’ அதன் கீழே நானூறு பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின் சற்றுக் கண்ணயர்ந்த கண்ணாடிக்காரர் இரண்டரை மணிக்கு எழுந்து பார்த்தபோது அறைக்குக் கதவு இல்லை. கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது. பழைய சுண்ணாம்பு, காலண்டர் மாட்டிய ஆணியோடு. பொது நடையைப் பார்த்த ஜன்னல் மட்டும் கம்பிகளோடு அப்படியே இருந்தது. கொத்தனார் வந்து உளியால் ஒரு முழத்துக்குக் கொத்தினார். கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் சுவர் மூடிக்கொண்டது. ஜன்னல் கம்பியை அறுக்க வந்தவரின் இரம்பம் மழுங்கியது. நகராட்சிப் பொறியாளர் கட்டட வரைபடத்தை விரித்துப் பார்த்து, அதில் அந்த அறைக்கு எப்போதுமே கதவு கிடையாது என்று சொல்லி, பார்வையிட்டதற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார். படத்தில் அந்தச் சாப்பாட்டுக் காட்சிக்குப் பின்னால் இப்போது கம்பிகள் தெரிந்தன.

நல்லவேளையாகக் குளியலறை அந்த அறைக்குள்ளேயே இருந்தது. அக்கா மூன்று வேளையும் ஜன்னல் வழியாகச் சாப்பாடு கொடுத்தாள். தட்டு நுழையாததால் டப்பாக்களில் போட்டுக் கொடுத்தாள். கடையிலிருந்து லென்ஸ்கள் வந்தன. அவர் தேய்த்துத் திருப்பி அனுப்பினார். நடையில் போகிறவர்கள் நின்று பேசிவிட்டுப் போனார்கள். இரண்டாவது வாரம் அக்கா தங்கையின் முன்னால் வந்து நின்றாள். ஒரு கையில் காலி டப்பா, மறு கையில் அதன் மூடி.

“படம் எடுத்தியே, நல்லா இருந்துச்சு. இப்ப என் புருஷனை எடுத்துக் குடு.”

“அக்கா, நான் வேணும்னா பண்ணேன்?”

“வேணும்னு பண்ணியா வேணாம்னு பண்ணியான்னு நான் கேட்கல. எடுத்துக் குடுன்னேன்.”

தங்கை ‘மூன்றாவது மாடி’க்கு ஒன்பது முறை எழுதினாள். பத்தாவது முறை பதில் வந்தது: ‘வேலை நேரத்தில் வாருங்கள். மற்ற நேரத்தில் நான் யாரையும் பார்ப்பதில்லை.’ கூடவே ஒரு முகவரி. குடிநீர் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், காதில் தொலைபேசியை மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் புகார் எழுதும் அம்மாள் அவர். ஐம்பது வயதிருக்கும். படத்தை இருநூற்றுப் பன்னிரண்டு தடவை பார்த்திருந்தார். அழைப்புகளுக்கு நடுவே பேசினார்.

“அந்த முடிவு எதுக்கு வச்சீங்க?”

“பாக்கறவங்க அதிரணும்னு.”

“நான் அதிரல. எனக்கு அது தெரிஞ்ச சாப்பாடு,” என்றார் புகார்க்காரம்மா. பிறகு ஏதோ ஒரு தெருவில் தண்ணீர் கலங்கலாக வருவதைக் குறித்துக்கொண்டு, தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். தம்பி லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை பார்த்தவன் அவனை எட்டாவது மாடியிலிருந்து லிஃப்ட் குழிக்குள் தள்ளிவிட்டான். பார்த்த இருவரும் நீதிமன்றத்தில் பார்க்கவில்லை என்றார்கள். தள்ளியவன் விடுதலையான அன்று சாயங்காலம் புகார்க்காரம்மா பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தார்: ஓர் உணவுக்கடையில் அவன் கையைக் கழுவிவிட்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். சிக்னலில் பஸ் நின்ற நேரம் முழுவதும் நன்றாக மென்று சாப்பிட்டான். பதினான்கு வருடம் ஆகிறது.

தங்கைக்கு அந்தக் காட்சி எடுத்த அன்று எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தது நினைவுக்கு வந்தது, அதைச் சொல்லவில்லை. “எங்க அத்தான் ஒரு பாவப்பட்ட மனுஷன்மா. ஒரு தடவை வந்து பாருங்க,” என்று மட்டும் சொன்னாள்.

புகார்க்காரம்மா அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். அக்கா நடையில் ஜன்னலை ஒட்டி ஸ்டூல் போட்டாள். உள்ளே கண்ணாடிக்காரர் கட்டிலிலிருந்து எழுந்து நின்று கும்பிட்டார். அந்த முகத்தை இருநூற்றுப் பன்னிரண்டு தடவை பார்த்தவர் இருநூற்றுப் பதின்மூன்றாவது தடவையாகப் பார்த்தார்.

“கையை ஏன் அவ்வளவு நேரம் கழுவுனீங்க?”

“குழாய்ல தண்ணி நூல் மாதிரி வந்துச்சும்மா.”

“புகார் குடுத்தீங்களா?”

“இல்லம்மா.”

“குடுத்திருக்கணும்,” என்றார். பிறகு அவர், தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டே, “சொல்லுங்க,” என்றார். “நீங்கதான் பண்ணீங்கன்னு சொல்லுங்க. அவன் ஒரு தடவைகூடச் சொல்லல. கோர்ட்ல இல்லைன்னு தலையாட்டுனான், அவ்வளவுதான். அந்தக் குரல் எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது.”

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். அக்கா வேறு பக்கம் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, படத்தில் பேசிய கனத்த குரலில், “ஆமா, நான்தான் கொன்னேன்!” என்றார்.

“சரியில்ல. நடிக்கிறீங்க.”

இரண்டாம் முறை அழுதுகொண்டே சொன்னார். “அழாதீங்க. அழுதா நான் மன்னிக்கணும்னு ஆயிடும்,” என்றார் புகார்க்காரம்மா. தங்கைக்குக் கை பரபரத்தது. குரலைக் கொஞ்சம் இறக்கச் சொல்லலாம், கம்பியை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. அவள் கைபேசியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வாழ்நாளில் அதைவிடக் கஷ்டமான வேலை எதையும் செய்ததில்லை என்று பின்னால் சொன்னாள்.

தங்கை சொல்லி விவரமெல்லாம் கேட்டிருந்த கண்ணாடிக்காரர் மூன்றாம் முறைக்கு முன்னால், “உங்க தம்பி பேர் என்னம்மா?” என்று கேட்டார். அவர் சொன்னார். அந்தப் பேரைக் கண்ணாடிக்காரர் வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, கடையில் ஒருவருக்குக் கண்ணாடியின் பவர் இவ்வளவு என்று சொல்லும் சாதாரணக் குரலில், “நான்தான் உன்னைத் தள்ளுனேன். நீ என்னை நம்பி முதுகைக் காட்டிட்டு நின்ன. விழுந்த சத்தம் கேட்டுச்சு. கேட்டும் நான் எட்டிப் பாக்கல. இறங்கி வீட்டுக்குப் போயிட்டேன்,” என்றார்.

நடையில் யாரோ துணி பிழிந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. புகார்க்காரம்மா “தண்ணி இருக்கா?” என்று கேட்டார். அக்கா உள்ளே ஓடுவதற்குள் கண்ணாடிக்காரர் தன்னுடைய டம்ளரைக் கம்பி வழியாக நீட்டினார். அவர் வாங்கி முழுவதையும் குடித்துவிட்டு, டம்ளரை முந்தானையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, அலுவலக நேரத்தில், ‘மூன்றாவது மாடி’ எழுதினார்: ‘கடைசியில் ஒப்புக்கொள்கிறான். அந்த இடம் நன்றாக வந்திருக்கிறது. இனி நான் இதைப் பார்க்க மாட்டேன்.’ தங்கை படத்தைப் போட்டுப் பார்த்தாள். பதினேழு நிமிடம் பத்தொன்பதாகியிருந்தது. சாப்பிட உட்கார்ந்தவன் எதையும் தொடாமல் கையைப் பின்னுக்கு எடுத்து, கேமராவைப் பார்த்துப் பேசினான். வெளிச்சம் ஜன்னல் பக்கமிருந்து வந்தது. அவள் எடுத்த எதையும்விட அது நன்றாக இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை. அன்று அவள் செய்த பல்செட் யாரோ ஒரு பெரியவருக்கு அச்சாகப் பொருந்தியதாகப் பல் மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

கதவும் அன்று மதியமே வந்தது. ஆனால் பழைய இடத்தில் வரவில்லை. எதிர்ச்சுவரில் வந்தது, பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் திறந்தது. ஓய்வுபெற்ற ரயில் கார்டு அங்கே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நாற்பத்தொரு நாள் கழித்து வெளியே வந்த கண்ணாடிக்காரரைப் பார்த்து, “செருப்பைக் கழட்டிட்டு வாங்க, இப்பதான் தரையைத் துடைச்சேன்,” என்றார். கொத்தனாரை மறுபடி கூப்பிடலாமா என்று அக்கா கேட்டாள். வந்த கதவை ஏன் பகைத்துக்கொள்ள வேண்டும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். இரண்டு தட்டு தட்டிவிட்டு நுழைவது, சமைக்கும் நேரத்தில் வலது ஓரமாக நடப்பது என்று இரு வீட்டாரும் பேசி வைத்துக்கொண்டார்கள். தங்கை அதற்குப் பிறகு நான்கு படங்கள் எடுத்தாள். ஏழு வருடம் கழித்து அக்கா வீட்டார் காலி செய்து போனபோது, தரகர் புதிதாகக் குடிவர இருந்தவர்களிடம் அறையைக் காட்டி, வெளிச்சம் உண்டு, காற்று உண்டு, வழி மட்டும் கார்டு வீட்டுச் சமையலறை வழியாக என்றார். அவர்கள் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார்கள்.