தும்மாத விருந்தாளி

என் நாத்தனார் வித்யா திருச்சியிலிருந்து எங்கள் சிங்கப்பூர் பொங்கோல் வீட்டு வாசலில் வந்து நின்றதும் நான் அவளை வாவென்று சொல்லவில்லை. அவள் இடுப்பிலிருந்த ஐந்து மாதக் குழந்தையின் நெற்றியில் தெர்மாமீட்டரை நீட்டினேன்.

"சளி இருக்கா? இருமல்? ஃப்ளைட்ல பக்கத்துல யாராவது தும்மினாங்களா?"

"இமிகிரேஷன்லகூட இவ்வளவு கேக்கல அண்ணி," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

எப்படி நம்புவது? என் மகன் கபிலனுக்கு ஒன்றரை வயது. பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பு. அடுத்தவர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மருந்தை மாதாமாதம் நரம்பில் ஏற்றித்தான் அவனைக் காப்பாற்றி வருகிறோம். ஊருக்கெல்லாம் இரண்டு நாள் மூக்கொழுகல் என்றால் இவனுக்கு இரண்டு வாரம் ஆக்சிஜன். குறை என் வழியாக வந்தது. என் தாய்மாமா ஒருவர் மூன்று வயதில் காய்ச்சலில் போனதை, கபிலனின் நோய் தெரியும்வரை அம்மா என்னிடம் மூச்சுகூட விட்டதில்லை. பெற்றவளே மறைப்பாளென்றால் நாத்தனார் மறைக்கமாட்டாளா?

இரண்டு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். கசக்கிய டிஷ்யூ கிடக்கிறதா என்று குப்பைக்கூடையைக்கூடக் கிளறினேன். ஒன்றுமில்லை. வித்யாவின் குட்டி அனுப்ரியா ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. சீ, என்ன மனுஷி நான் என்று என் மேலேயே வெறுப்பு வந்தது.

மூன்றாம் நாள் மதியம் வித்யா குளிக்கப் போனபோது அனுப்ரியா வீறிட்டாள். நானே தூக்கி, மலம் கழித்திருந்த டயபரை மாற்றினேன். அதற்குள் கபிலன் பசியில் கத்தினான். ஈர டிஷ்யூவில் கையைத் துடைத்துவிட்டு, தயிர்ச்சோற்றைப் பிசைந்து ஊட்ட ஆரம்பித்தேன்.

"அட, நீங்களே மாத்திட்டீங்களா!" குளித்துவிட்டு வந்த வித்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இனிமேலாவது எங்களப் பாத்து பயப்படாதீங்க அண்ணி. கபிலனுக்காகவே போன ஞாயித்துக்கிழம இவளத் தூக்கிட்டு ஓடி போலியோ சொட்டு மருந்து போட்டுட்டுத்தான் வந்தேன்."

டாக்டரைக் கேட்காமல் கபிலனுக்கு எந்தத் தடுப்புமருந்தும் கூடாது என்பது எனக்குத் தெரியும். கூட இருக்கும் குழந்தைக்குக் கொடுத்திருந்தால்? இடக்கையால் மருத்துவமனைத் தாதி ஆஸ்மா சிஸ்டரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"சொட்டு மருந்தா? ஊசி இல்லையே?" அவர் குரல் மாறியது. "அதுல இருக்கிறது உயிருள்ள கிருமி லா. நமக்கு ஒண்ணும் பண்ணாது, கபிலனுக்கு ரொம்ப ஆபத்து. அந்தப் பாப்பாவோட மலத்துல வாரக்கணக்குல வெளிய வரும். ரெண்டு பேரையும் உடனே பிரிச்சு வைங்க, டாக்டர்கிட்ட பேசுறேன். ஆமா நிவேதிதா, டயபர் யாரு மாத்துறா?"

வித்யா குழந்தையை இறுக்கிக்கொண்டு சுவரோரமாக நகர்ந்தாள். கபிலன் அடுத்த வாய்க்காக வாயைத் திறந்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல்களில் தயிர்ச்சோறு காய ஆரம்பித்திருந்தது.