ஏழு பிடிகளும் லோர்னாவின் கையும்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அரிசோனாவின் கிங்மன் ஊரில், வெர்ன் நடத்தும் துப்பாக்கிப் பட்டறையில், கைத்துப்பாக்கிகளின் பிளாஸ்டிக் பிடியில் சூட்டுக்கோலால் புள்ளி புள்ளியாகக் குத்திச் சொரசொரப்பு போடுவது என் வேலை. விழுந்த புள்ளியை அழிக்க முடியாது. அதனால் வந்தவர் முடிவெடுக்கும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருப்பேன். லோர்னா டிபட்ஸ் நான்காவது முறையாகவும் முடிவெடுக்காமல் போன அன்று, கோபத்தில் இப்படி ஆரம்பித்தேன்:

‘முடிவெடுக்கத் தெரியாத ஒரு பெண்மணி இருந்தார்.’

(பொய். ஆனாலும் அந்த வரியை அடித்துவிடப் போவதில்லை. என் முட்டாள்தனத்துக்குச் சாட்சியாக இருக்கட்டும்.)

2

இரண்டாவது ஆரம்பம்: ‘பாலைவன வெயிலில் அவருடைய பழைய டிரக் முனகியபடி’

வேண்டாம். யோசிக்கச் சோம்பல் வந்தால்தான் நான் வெயிலைப் பற்றி எழுதுவேன்.

விஷயம் இதுதான். லோர்னாவுக்கு அறுபத்திரண்டு வயது. இருபது வருடமாக எங்கள் ஊர்த் துப்பாக்கி சுடும் களத்தில் போட்டிக்கு நிற்பவர். போன வருடம் புற்றுநோய். சிகிச்சை முடிந்து, வரும் சனிக்கிழமை திரும்ப நிற்க வேண்டும் என்று தன் துப்பாக்கியின் பிடிக்குப் புள்ளி போடச் சொன்னார்.

எங்கள் பட்டறையில் ஒரு பலகையில் ஏழு மாதிரிப் பிடிகள் திருகப்பட்டிருக்கும். முதலாவதில் கோல்ஃப் பந்துக் குழிகள். போகப் போகச் சொரசொரப்பு கூடும்; ஏழாவது சீஸ் துருவி.* கையில் பாத்திரச் சோப்பைத் தடவி, கண்ணை மூடி, ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். கைக்குத் தெரியும் என்பது எங்கள் நம்பிக்கை. அந்தக் கையைப் பற்றி எதுவும் கேட்க மாட்டோம்.

லோர்னா மட்டும் கண்ணை மூடவே மாட்டார்.

* வியர்க்கும் கைக்காரர்கள் கேட்பது. இடுப்பில் செருகினால் சட்டை உள்பக்கம் கிழியும்.

3

ஐந்தாவது வருகை. வெர்ன் என் காதருகே வந்து, “அந்தம்மா பிடி பாக்குதா, வீடு பாக்குதா?” என்றான்.

“லோர்னா, தயவுசெஞ்சு கண்ண மூடுங்க,” என்றேன்.

“ஏண்டா ரஸ், முத்தம் குடுக்கப் போறியா?”

“அஞ்சு நாளா மூடச் சொல்றேன். அழகுப் போட்டியா நடக்குது இங்க?”

“சரி, சரி. மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத.”

மூடினார். நான் பலகையைத் திருப்பி, ஒரு பிடியை அவர் கைக்குக் காட்டினேன். இறுக்கிப் பிடித்து இழுத்தார்.

“இது ரொம்ப வழவழன்னு இருக்கே. கோல்ஃப் பந்துதான?”

அது சீஸ் துருவி. சோப்பு நுரை இளஞ்சிவப்பாக இருந்தது.

(இங்கே ஒரு பத்தி எழுதிக் கிழித்துவிட்டேன். அவர் உள்ளங்கை இரத்தத்தைப் பற்றியது. துணி ஒன்றை எடுத்து நீட்டினேன், அவ்வளவுதான்.)

4

“எப்ப இருந்து?” என்றேன்.

“மூணாவது கீமோ ஊசியில இருந்து. விரலெல்லாம் செத்துப் போச்சு. கட்டைவிரலுக்கு அடியில மட்டும் கொஞ்சம் உசிரு இருக்கு.” துணியால் உள்ளங்கையை அழுத்திக்கொண்டார். “அங்க குத்துற மாதிரி நாலு புள்ளி போடு. துப்பாக்கி கையில இருக்குன்னு எனக்குத் தெரியணும். அவ்ளோதான்.”

“விசைய அழுத்துற விரலு?”

துணியை மடித்து மறுபக்கத்தால் அழுத்தினார்.

“லோர்னா, சனிக்கிழமை உங்க பக்கத்துல நின்னு டைமர் பிடிக்கிறது நான். யாருக்கும் அடிபடாம பாத்துக்கிறதும் நான்தான்.”

“தெரியும்டா. அதனாலதான் கண்ண மூடல.”

5

முடிவுகள்:

அ) நான்கு புள்ளிகள் போடுகிறேன். சனிக்கிழமை அவர் ஜெயிக்கிறார். (எழுதும்போதே கூசியது.)

ஆ) களத்தில் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் பத்திரம். லோர்னா அதன் பிறகு யார் வீட்டுக் கதவையும் தட்டாமல்… (முடிக்க முடியவில்லை.)

இ) புள்ளிகளும் போடுகிறேன், சொல்லவும் இல்லை. விசையில் எப்போது விரல் படுகிறது என்று தெரியாத ஒருவருக்குப் பக்கத்தில் டைமரோடு நிற்கிறேன். அடுத்த தடத்தில் சுட நிற்பது வெர்னின் மகள்.

மூன்றும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. முடிவெடுக்கத் தெரியாதவர் யார் என்று இப்போது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

சூட்டுக்கோல் சூடேறிவிட்டது. லோர்னா எதிரே நாற்காலியில் இருக்கிறார். இம்முறை நான் சொல்லாமலே கண்ணை மூடியிருக்கிறார். இந்தாருங்கள், வாசிக்கும் நீங்களே கோலைப் பிடியுங்கள். சுடுகிறதா?

நல்லது. உங்கள் விரலுக்குத் தெரிகிறது. முதல் புள்ளி உங்களுடையது.