லில்லியின் துளி

பீடத்துணியில் கறை படாதிருக்க, லில்லிப் பூக்களின் மகரந்தப் பைகளை நறுக்கிவிட்டே மாதா கோயிலுக்குக் கொண்டுபோவேன். அன்று ஒரு பூவைத் தவறவிட்டேன். கொட்டாஞ்சேனைச் சோதனைச்சாவடியில் குண்டு தேடிய ஆமிக்காரன், அந்தப் பூவில் தொடங்கி எல்லாப் பூவுக்குள்ளும் விரலை விட்டுக் கிண்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பீடத்தடியில் பூக்களைப் பிரித்தேன். நடுத்தண்டு நுனிகளில் காலையில் நான் துடைத்த ஈரம் மறுபடி ஊறித் துளியாக நின்றது. ஒவ்வொரு துளியிலும், நான் தவறவிட்ட பூவின் செம்மஞ்சள் தூள். பஞ்சை எடுத்தேன்.

"துடையாதையும் மாக்ரெட்," என்றார் கூட வந்திருந்த, தாவரவியல் படிப்பிக்கும் என் கணவர். "அந்த நுனியில இருக்கிற உயிர்க்கலங்களே பசையைச் செய்து வெளியில விடுது. மகரந்தம் வந்து ஒட்டத்தான்."

என் கை அப்படியே நின்றது. மகரந்தத்தைக் கொண்டுவந்த விரல் யாருடையது என்று பூ கேட்கவில்லை.