குற்றவாளி காரா, காலா?

பல் டாக்டர் வெண்டலின் தன் காரோடு பின்பக்கமாகத் திராட்சைத் தோட்டத்துக்குள் போய் இறங்கியது இது இரண்டாவது தடவை. முதல் தடவை தோட்டக்காரர் ஹெபர்லே பதறியடித்து ஓடிவந்தார். இந்தத் தடவை டிராக்டரோடு, கயிறும் கையுமாக வந்தார்.

"டாக்டரே, அடுத்த தடவை முன்கூட்டியே சொல்லிட்டு வாங்க. அந்த வரிசையை மட்டும் முதல்ல பறிச்சு வச்சிடறேன்."

வீடு திரும்பியதும் வெண்டலின் வழக்கம்போல் காரைத் திட்டினார். 1978-ல் பிறந்த டர்போ கார். இன்ஜின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் தொங்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதலில் ஒன்றுமே நடக்காது, அலுவலகத்தில் மனு கொடுத்த மாதிரி. கொடுத்ததையே நாம் மறந்துபோன நேரத்தில், கேட்டது மொத்தமும் ஒரேயடியாக வந்து முதுகில் அறையும். நாற்பது வருஷம் பல் பிடுங்கிய கை அவருடையது. ஒரு தடவைகூடத் தப்பான பல்லைப் பிடுங்கியதில்லை. ஆகவே குற்றம் காருடையது.

அவர் மனைவி ரோஸ்வித்தா ஸ்டுட்கார்ட்டில் முப்பது வருஷம் டிராம் ஓட்டியவள். அடுப்பில் பருப்பைக் கிளறிக்கொண்டே தீர்ப்பு சொன்னாள்: கார்தான் கெட்டது என்றால் விற்றுவிடலாம், ஓட்டுகிற ஆள்தான் கெட்டவன் என்றால் கார் இருக்கட்டும், ஆளைத் திருத்திக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை தானே ஓட்டிப் பார்ப்பதாகவும் சொன்னாள்.

வெண்டலினுக்குச் சோறு இறங்கவில்லை. திட்டுவாரே தவிர, அந்தக் கார் என்றால் அவருக்கு உயிர். இருபத்தாறு வருஷமாக ஊரெல்லாம் காரைக் குறை சொல்லியாயிற்று. இப்போது அது வீட்டில் தங்க வேண்டுமானால் ஓட்டத் தெரியாத முட்டாள் அவராக இருந்தாக வேண்டும். தேவாலயத்தில் மண்டியிட்டு, தன்னை முட்டாளாக்கும்படி வேண்டிக்கொண்டார். பாதிரியாரிடம் இதைச் சொல்லவில்லை.

ஞாயிறு காலை, கார் சுற்றித் தோட்டத்துக்குள் போன அதே மலைச்சாலை. ஹெபர்லே டிராக்டர்மேல் தயாராக உட்கார்ந்திருந்தார். ரோஸ்வித்தா வளைவுக்கு வெகுமுன்பே, சாலை நேராக இருக்கும்போதே பிரேக் போட்டாள். பிறகு காலை ஆக்சிலரேட்டரில் மெல்ல வைத்து அப்படியே நிறுத்திக்கொண்டாள். பாதி வளைவில் காரின் பின்பக்கம் லேசாக நெளிந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த வெண்டலினின் வலது கால் கால்மிதியிலிருந்து தானாகத் துள்ளி எழும்பியது.

ரோஸ்வித்தாவின் கால் அசையவே இல்லை. வளைவு முடியும் முன்பே கொஞ்சம் அழுத்தினாள். சாலை நேரானபோது முதுகில் அந்த அறை விழுந்தது, கார் மேட்டில் சீறி ஏறியது.

மேலே நிறுத்திவிட்டு அவர் காலைப் பார்த்தாள்.

"பார்த்தியா உன் காலை? ஓட்டாதப்பவே தூக்குற. பயந்து காலை எடுத்தா பாரமெல்லாம் முன்னால பாயுது, வால் லேசாயிடுது. அப்புறம் அது சுத்தாம என்ன பண்ணும்?"

"அப்போ தப்பு என்னோடதா? நிச்சயமா?"

"முழுசா உன்னோடதுதான்யா."

கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு இனிப்பான வார்த்தையை அவர் கேட்டதில்லை. இடம் மாறி உட்கார்ந்தார்கள். கீழே போய்த் திரும்பி, மறுபடி அதே வளைவு. பின்பக்கம் நெளிந்தது. கால் எழும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை அங்கேயே வைத்திருந்தார். கார் சுற்றவில்லை. கொடிகள் எல்லாம் ஜன்னலோரம் ஒழுங்காகக் கடந்து போயின.

பின்பக்கம் காட்டும் கண்ணாடியில், ஹெபர்லே கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்.

"இன்னொரு தடவை போ," என்றாள் ரோஸ்வித்தா.