நடுங்க மறுத்த ஒப்பீட்டுக் குழு

இந்த ஊரில் யாருக்கும் கை நடுங்காது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு நடுங்காது, முதல் அறுவை செய்கிற மருத்துவருக்கு நடுங்காது, தொண்ணூற்றாறு வயதில் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்கிற தையல்காரருக்கும் நடுங்காது. பக்கத்து ஊரிலும் அப்படித்தான், ஆனால் அவர்கள் அதை வெளியில் சொல்வதில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி. அந்த ஆராய்ச்சியால் ஒரு பலனும் இல்லை என்று ஆறு அறிக்கைகள் எழுதி, முத்திரை குத்தி, அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். அது வேறு விஷயம்.

ஆராய்ச்சியைத் தொடங்கியவர் இயந்திரப் பொறியியல் துறைப் பேராசிரியை. மற்ற பெண்கள் கைப்பையில் சீப்பு வைத்திருக்கிற இடத்தில் அவர் ஸ்பேனர் வைத்திருந்ததால், துணைவேந்தர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவர் ஸ்பேனர் மேடம். தொலைபேசியை எடுத்தால் அவரே "ஸ்பேனர் பேசறேன்" என்பார். அவருடைய அப்பா முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு முட்டையை டாஷ்போர்டில் நிறுத்திவைத்து மலைப்பாதை இறங்கியவர் என்று டிப்போவில் பேச்சு. முட்டை அவித்ததா பச்சையா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு. அந்த மனிதருக்கு ஓய்வு பெற்ற நாலாம் வருஷம் வலது கை நடுங்க ஆரம்பித்தது, ஆறாம் வருஷம் இடது கையும் சேர்ந்துகொண்டது. டம்ளரை எடுத்தால் தேநீர் சட்டைக்குப் போனது. கடைசியில் ஸ்ட்ரா வைத்துக் குடிக்கும்படி ஆயிற்று. குடிக்கும்போது நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். விருந்தாளி வந்தால் பசிக்கவில்லை என்பார். தினமும் காலையில் அந்த முதுகைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போன ஸ்பேனர் மேடம் ஒரு கையுறை செய்தார். உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஐந்து மோட்டார்கள். கை இந்தப் பக்கம் ஆடினால் அவை அந்தப் பக்கம் தள்ளும். அவ்வளவுதான் விஷயம், மூன்று வாரத்தில் முடிந்த வேலை. மீதிப் பதினோரு வருஷம் அனுமதிக்குப் போயிற்று.

கையுறையைச் சோதிக்க நாலு துறை சேர வேண்டியிருந்தது. நோயாளிகளைக் கண்டுபிடிக்க மருத்துவம், நடுக்கத்தை அளக்க இயற்பியல், கையின் ஆட்டம் தெரிய நோயாளிகள் தாளில் சுருள்கோடு வரைந்து பழகப் பயிற்சி எழுதக் கல்வியியல், மோட்டாருக்குப் பொறியியல். நாலு துறைக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு புல்வெளி, ஐம்பது தப்படி. மனிதர்கள் அதை ஒரு நிமிஷத்தில் கடந்தார்கள். ஃபைல் கடக்க ஒன்பது மாதம் ஆனது. மருத்துவத் துறை இயற்பியலின் கையெழுத்து வரட்டும் என்றது, இயற்பியல் பொறியியலை முதலில் கேட்டது, கல்வியியல் துறை மட்டும் உடனே பதில் போட்டது: விண்ணப்பத்தில் இருந்த பதினேழு பிழைகளைத் திருத்தி, மறுபடி சுத்தமாக எழுதி வரச் சொல்லி. ஒருமுறை திரும்பி வந்த ஃபைலுக்குள் பல்லி ஒன்று குஞ்சு பொரித்து, குஞ்சுகளும் வளர்ந்து தனிக்குடித்தனம் போயிருந்தன. மேடம் முட்டையோடுகளைத் தட்டிவிட்டுக் கையெழுத்துகளை எண்ணினார். ஒன்று குறைந்தது.

நெறிமுறைக் குழுவின் தலைவி ஒரு பல் மருத்துவர். எதிரில் இருப்பவரை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுப் பேச விடாமல் பழகியவர். அவர் விண்ணப்பத்தை முழுக்கப் படித்துவிட்டு ஒரே ஒரு பெயரைச் சிவப்பு மையால் அடித்தார். ஆய்வாளரின் ரத்த உறவு எந்தக் குழுவிலும் இருக்கக் கூடாது, அது விதி. மேடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், அப்பாவுக்காகத்தான் இந்தக் கையுறையே என்றார்.

"உங்க அப்பாங்கிறதாலதாம்மா முடியாது. வேற யாரோட அப்பாவா இருந்தாலும் தாராளமா சேர்த்துக்கலாம்," என்றார் தலைவி.

ஆகவே ஊரிலிருந்த மற்றவர்களுடைய அப்பாக்களையும் அம்மாக்களையும் வைத்து ஆராய்ச்சி தொடங்கியது. நாற்பது பேருக்கு நிஜக் கையுறை. நாற்பது பேருக்கு மோட்டார் இல்லாத வெறும் கையுறை, அவர்கள்தான் ஒப்பீட்டுக் குழு. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு மாதத்தில் முதல் நாற்பது பேருக்கும் நடுக்கம் நின்றது. மேடம் சந்தோஷத்தில் ஆய்வகத்து மேஜையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். இறங்குவதற்குள் அடுத்த செய்தி வந்தது: வெறும் துணி போட்ட நாற்பது பேருக்கும் ஒரே மாதத்தில் நின்றுவிட்டதாம். அதில் ஒருவர் கையுறையை இடது கைக்கு வாங்கிப்போய் வலது காலில் மாட்டியிருந்தவர். அவருக்கும் நின்றது.

இங்கேதான் சராசரி சார் வருகிறார். புள்ளியியல் துறைத் தலைவர். பேச்சுக்குப் பேச்சு சராசரி எடுப்பவர், தன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டாலும் சராசரியாகப் பரவாயில்லை என்பவர். எந்த ஆராய்ச்சி அறிக்கையானாலும் அவர் கையெழுத்தில்லாமல் கட்டடத்தை விட்டு வெளியே போகாது. அவர் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "வித்தியாசம் எங்கே மேடம்?" என்று கேட்டார். எண்பது பேருக்கும் குணமாகிவிட்டதே என்றார் மேடம். எண்பது பேருக்கும் குணமானால் கையுறையால் குணமாகவில்லை என்று அர்த்தம், வெயில் அதிகமாக இருந்திருக்கலாம், வேறு குழு வைத்துப் பாருங்கள் என்று சொல்லி, முதல் அறிக்கையில் 'பலன் இல்லை' என்று எழுதினார்.

அடுத்த முறை ஒன்றுமே கொடுக்காமல் வெறுமனே காத்திருக்கச் சொல்லி அறுபது பேர் சேர்க்கப்பட்டார்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்ட ஒரே வாரத்தில் அவர்களுக்கு நின்றது. அதற்கடுத்த முறை, விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர்களைக் கணக்கில் எடுத்தார்கள். நிராகரிப்புக் கடிதம் வீடு போய்ச் சேர்வதற்குள் நின்றது. தபால்காரர் கடிதத்தை நீட்டினால், ஆடாத கையால் வாங்கி, ஆடாத கையால் கிழித்துப் போட்டார்கள். சராசரி சார் ஆஸ்பத்திரிப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, ஊரில் கை நடுங்குகிற அத்தனை பேரையும் அவர்களுக்கே தெரியாமல் ஒப்பீட்டுக் குழு என்று குறித்துக்கொண்டார். அன்று மாலை ஊர் முழுக்க நடுக்கம் நின்றது. பதிவேட்டை வைத்திருந்த தெருவில் கைபேசிகள் அதிர மறந்தன, துணி துவைக்கும் இயந்திரங்கள் நடுவில் ஆடாமல் சிலைபோல் சுற்றின, ஒரு கடையில் ஜெல்லியைத் தட்டித் தட்டிப் பார்த்தும் அது அசையவில்லை என்று வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு பக்கத்து ஊர்ப் பதிவேடு. அதுவும் அப்படியே. ஐந்து அறிக்கை, ஐந்து முறை 'பலன் இல்லை'.

ஒவ்வொரு பட்டியலிலும் ஒரே ஒரு பெயர் மட்டும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. விதி விதிதான்.

மேடம் சும்மா இருந்தாரா என்றால், இல்லை. ஒரு கையுறையைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவுக்கு மாட்டினார். எந்தப் பட்டியலிலும் இல்லாத கை அது. கையுறை அதை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஒரு வண்டுபோல் ரீங்காரம் செய்துவிட்டுச் சும்மா இருந்தது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் கூட்டி வைத்ததில் தேநீர் நன்றாகக் கலந்தது, அதுதான் மிச்சம். அப்பா கையுறையைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு, ஊர் பூராவும் சரிபண்ணிட்டியாமே, டிப்போக்காரங்க வந்து சொல்றாங்க, ரொம்பப் பெருமையா இருக்கும்மா என்று சொல்லி நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். அவர் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் மேடத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எட்டாம் நாள் மேடம் சராசரி சாரின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தார். அந்த அறையில் நாலு சுவரிலும் வரைபடங்கள், எல்லாக் கோடுகளும் நடுவிலேயே போயின. பதினோரு வருஷத்துக் கோபத்தையும் மேடம் ஒரே மூச்சில் கொட்டினார். கேட்டு முடித்த சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"நான் நடக்கலைன்னு சொல்லலை மேடம். நடந்துச்சுன்னு சொல்ல எனக்கு வழி இல்லைன்னுதான் சொல்றேன். நடுங்கற ஒரு கையைக் காட்டுங்க, ஒப்பிட்டுப் பார்த்துட்டு உடனே கையெழுத்துப் போடறேன். ஒரே ஒரு கை போதும்."

"ஒரு கைதான் பாக்கி இருக்கு சார். அதை உங்க விதி சேர்க்க விடலை."

மேடம் கைப்பையைத் திறந்து, ஸ்பேனரை எடுத்து மேஜைமேல் வைத்து, அடியிலிருந்து ஒரு கடிதத்தை உருவினார். அதை எழுத அவருக்கு ஏழு நாள் ஆகியிருந்தது, இருந்ததோ நாலே வரி. இந்த ஆராய்ச்சியிலிருந்து தன் பெயரை நீக்கிக்கொள்வதாகவும், கையுறை, வரைபடங்கள், முடிவுகள் எல்லாம் இன்றிலிருந்து புள்ளியியல் துறைத் தலைவரின் பெயரில் போவதாகவும், இனி தனக்கு இதில் எந்த உரிமையும் இல்லை என்றும் எழுதியிருந்தார். ஆய்வாளர் மாறிவிட்டால் அப்பா யாரோ ஒருத்தருடைய அப்பா ஆகிவிடுவார்.

சராசரி சார் அதை மூன்று முறை படித்தார். இவ்வளவு வருஷ உழைப்பை நம்பாத ஒருத்தனிடம் கொடுக்கிறீர்களே என்று கேட்டார். நம்புகிறவர்கள் யாரும் கையெழுத்துப் போடுகிற இடத்தில் இல்லையே என்றார் மேடம். அதோடு தன் கணக்கையும் சொன்னார்: அப்பாவை ஒப்பீட்டுக் குழுவில் சேர்த்த பிறகும் கை நடுங்கினால் சாருக்கு வேண்டிய வித்தியாசம் கிடைத்துவிடும், கையுறை அனுமதியாகி அப்பாவுக்கும் வரும், நின்றுவிட்டால், நின்றுவிட்டது. எப்படி விழுந்தாலும் அவருக்குச் சம்மதம். அந்தக் கடிதத்துக்கு மட்டும் எல்லாத் துறைக் கையெழுத்தும் ஒரே நாளில் கிடைத்தது. ஃபைல் புல்வெளியை ஓடிக் கடந்ததைப் பார்த்ததாகத் தோட்டக்காரர் சொல்கிறார்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் சராசரி சார் படிவத்தோடு இரண்டாவது மாடியிலிருந்த அந்த வீட்டுக்குப் போனார். அப்பா கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாங்க தம்பி, எந்த ரூட் என்று விசாரித்தார். சார் முதலில் ஒரு சுருள் வரையச் சொன்னார். அப்பா வரைந்தது கசக்கிப்போட்ட கம்பிபோல் வந்தது. சார் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பதினோரு வருஷத்தில் அவர் முதன்முதலாகப் பார்த்த வித்தியாசம் அது, அவர் முகம் மலர்ந்துவிட்டது. மேடம் சமையலறை வாசலில் நின்றார். ஆய்வாளர் இல்லை என்பதால் உள்ளே வரக் கூடாது, அதுவும் விதி.

பிறகு ஒப்புதல் படிவம். இதில் சேர்ந்தால் உங்களுக்குக் கையுறை கிடையாது, மருந்து கிடையாது, ஒன்றும் கிடையாது என்று சார் நேர்மையாக எடுத்துச் சொன்னார்.

"இத்தனை நாளும் அதானே கிடைச்சுது. பேனாவைக் குடுங்க தம்பி," என்றார் அப்பா.

அவர் பெயருக்கு எட்டு எழுத்து. முதல் எழுத்து தாளின் கோட்டை விட்டு மேலே போய்த் திரும்பியது. இரண்டாவது, மூன்றாவது மேடு பள்ளத்தில் போகிற வண்டிபோல் குதித்தன. நாலாவது எழுத்தின் பாதியில் பேனா ஒரு விநாடி நின்றது. மீதிப் பாதியும் அடுத்த நாலு எழுத்தும், பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பழக அச்சடித்துக் கொடுப்பார்களே, அப்படி வந்தன. அப்பா கடைசி எழுத்துக்கு ஒரு சுழி கூடப் போட்டார், வேண்டுமென்றே. பேனாவை மூடி, சாரின் சட்டைப்பையில் அவரே செருகிவிட்டார். சமையலறை வாசலில் ஒரு பாத்திரம் விழுந்தது. விதியை யாரும் ஞாபகப்படுத்தவில்லை, மகள் உள்ளே வந்து அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அவை நடுங்கும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். நடுங்கவில்லை. அப்பா மகளின் தலைக்கு மேல் சாரைப் பார்த்து, உட்காருங்க தம்பி, சாப்பிட்டுட்டுப் போகலாம், எனக்கு நல்ல பசி என்றார்.

சராசரி சார் உட்காரவில்லை. கையெழுத்தின் முன்பாதியைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தார், பின்பாதியை மறைத்துப் பார்த்தார். ஒப்பிட இனி இந்த ஊரில் ஒரு கையும் இல்லை, அறிக்கைக்கு வேண்டியது கைநழுவிப் போயிற்று, கையுறைகள் அலமாரியிலேயே கிடக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் ஆய்வாளர் அவர்தான், அறிக்கை எழுத வேண்டியதும் அவர்தான். அந்தச் சாப்பாட்டு மேஜையிலேயே தாளை விரித்து, ஆறாவது அறிக்கையின் முடிவுப் பத்தியில் 'குழுக்களிடையே வித்தியாசம் இல்லை, பலன் நிரூபிக்கப்படவில்லை' என்று வழக்கம்போல் எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைக்கவில்லை. பிறகு அதற்குக் கீழே, அலமாரியைத் திறக்கச் சொன்னால் இன்றும் யாரும் படித்துப் பார்க்கலாம், இன்னொரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 'ஆனால் நடந்தது. நான் பார்த்தேன்.'